ஸ்டெப்னின்னா தலகாணி

அவ கெடக்கா மதினி. அவ வாய்க்கு வரி போட்டா நம்ம முனிசிபாலிட்டிக்கு வேற வருமானமே வேணாம். எங்க வீட்டுக்காரரு பொழுதன்னைக்கும் ஸ்டெப்னி ஸ்டெப்னின்னு கத்துறாராம், தெருக்கோடி வரைக்கும் கேக்குதாம், கை கால் விழுந்து கெடக்கறப்பவும் மனுசனுக்கு இன்னொருத்தி கேக்குதாம்னு குழாயடியில வச்சுச் சொன்னாளாம்ல? நீயும் சிரிச்சிருப்ப. இல்லேங்காத, உன் மூஞ்சியே சொல்லுது. சிரி சிரி, எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. அப்படி ஒருத்தி இருந்தா நான் கும்புட்டுல்ல கூட்டியாந்திருப்பேன்! பகலுக்கு அவ பாக்கட்டும், ராவைக்கு நான் பாத்துக்கறேன்னு பங்கு போட்டிருப்பேன்.

ஸ்டெப்னின்னா தலகாணி. இதுதான் உனக்கு மொதப் பாடம், நல்லாக் கேட்டுக்க. ஜீப்புக்குப் பின்னாடி ஒரு டயரு தொங்குமே, மத்தது பஞ்சரானா மாத்திக்கறதுக்கு, அதுக்குப் பேரு ஸ்டெப்னி. இவுக அதச் சொன்னா தலகாணி. தலைக்கு வைக்கறது இல்ல, அதுக்கு இவுககிட்ட வார்த்தையே கெடையாது. வெளங்காமப் போன சோத்தாங்கால் இருக்குல்ல, அதுக்கு அண்டக் குடுக்கறமே சின்னத் தலகாணி, அது. இதக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்டெப்னின்னாக. தண்ணி குடுத்தேன், தலைய ஆட்டுனாக. போர்வையக் கொண்டாந்தேன். சன்னலத் தொறந்தேன், சாத்துனேன். சாமி படத்தக் கழட்டிக் காமிச்சேன். வீட்டுல இருக்கற சாமான ஒண்ணொண்ணா ஏலம் விடுறவ மாதிரித் தூக்கித் தூக்கிக் காமிச்சேன். தோசைக் கரண்டிய வரைக்கும் காமிச்சேன்னா பாத்துக்கயேன். கடைசியில கோவம் வந்து, போய்யான்னு தலகாணியத் தூக்கி எறிஞ்சேன். அது போயி அந்தக் காலு மேல விழுந்துச்சு. 'ஹா'ன்னு ஒரு மூச்சு விட்டாக பாரு! எனக்குன்னா சந்தோசம் தாங்கல. தெருவுல எறங்கி ஆடலாம் போல இருந்துச்சு. ஆடத்தான் ஒடம்பு விடல.

உக்காரு, நின்னுக்கிட்டே படிக்க முடியாது. இந்தா, ரெண்டு மொச்சய உரிச்சுக்கிட்டே கேளு. உன் வீட்டுக்காரரு, எங்க அண்ணன், கடைய அடைச்சுட்டு வர்றதுக்குள்ள உன்னைய அனுப்பிருவேன். நாளைக்கு விடிஞ்சதும் ஆட்டோ வந்துரும், தேனி ஆஸ்பத்திரியில என்னையக் கொண்டுபோயிப் பத்து நாளைக்குப் படுக்க வச்சுருவாக. மகன் திருப்பூர்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துர்றேன்னுட்டான். எனக்குத் தொணைக்கு ஒரு ஆளு இருந்தே ஆகணுமாம். மருமகளால பேத்திய விட்டுட்டு வர முடியாது. அப்ப இவுகளுக்கு யாரு? நான் பாத்துக்கறேன்னு நீதான் சொன்ன, அதுக்கு நீ நல்லா இருக்கணும். துணி மாத்துறது, புண்ணு வராமப் பெரட்டிவிடுறது எல்லாம் உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. உங்க மாமியாவ நீ பாத்த பாட்ட இந்தத் தெருவே பாத்துச்சு. ஆனா உங்க மாமியா கடைசி வரைக்கும் வாய் நெறையாப் பேசுச்சு. உன்னைய வஞ்சாலும் தமிழ்ல வஞ்சுச்சு. இவுக பேச்சு அப்படி இல்ல. மொத்தமே கையளவு இங்கிலீசு வார்த்தை. அதுக்கு அர்த்தம் தெரியாம உள்ள போனியன்னா, ரெண்டு பேரும் அழுதுருவீக.

எனக்குச் சீக்கு என்னான்னு உனக்குத் தெரியும்ல? மேல மலையில ஏலக்காய் மூடையத் தூக்கித் தூக்கி அடிவயிறு எறங்கிப்போச்சு. இத்தன வருசமா ஒரு கையால தாங்கிக்கிட்டு நடந்து பழகிட்டேன், அது ஒண்ணும் பெருசில்ல. இப்பத்தான் ரத்தம் படுது. நின்னுபோயி எத்தன காலமாச்சு, இந்த வயசுல படலாமா சொல்லு. தேனி ஆஸ்பத்திரி டாக்டரம்மா நல்ல புள்ள. ஆனா போன தடவ கண்ணு செவந்துருச்சு அதுக்கு. "ஏம்மா, நாள் குறிச்சுக் குடுக்கறப்பெல்லாம் வராம இருந்துட்டு வர்றீங்களே, உசுரு மேல ஆசை இல்லையா? சதைய எடுத்துச் சோதிச்சுப் பாத்தாத்தான் இது சாதாரணமா, வேற வெவகாரமான்னு சொல்ல முடியும். இன்னும் தள்ளிப்போட்டா எங்கிட்ட வராதீங்க"ன்னுருச்சு. நான் என்னாத்தா செய்யட்டும்னேன். "வீட்டுல ஆள விட்டுட்டு வாங்க"ங்குது. ஆளு கெடைக்கும். அர்த்தம் தெரிஞ்ச ஆளுல்ல கெடைக்கல.

சரி, படிப்பு. சிரிக்காத, நம்ம தெருவுல இப்ப எனக்குப் பேரே இங்கிலீசு டீச்சருதான். மழைக்குக்கூட பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதில்ல நானு. பாங்கியில இன்னைக்கும் கட்டை வெரல உருட்டித்தான் வைக்கறேன். ஆனா இந்த இங்கிலீசுல எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு ஒருத்தருக்கும் தெரியாது. லீவுல வந்தப்ப எம்பேத்தி பக்கத்து வீட்டுப் புள்ளைககிட்ட என்னா பீத்துச்சு தெரியுமா? "எங்க தாத்தா இங்கிலீசு மட்டும்தான் பேசுவாரு, தமிழே பேச மாட்டாரு." அதுக்குப் பெருமைன்னா பெருமை! அதுக பள்ளிக்கூடத்துல தமிழ்ல பேசுனா ஏசுவாகளாம்ல. தாத்தாவ அங்க சேத்துவிட்டா மொத ரேங்குதான்.

இவுக விழுந்தது எப்படின்னு உனக்குத் தெரியாதுல்ல, நீ அப்ப மக வீட்டுக்கு கம்பத்துக்குப் போயிருந்த. ஜீப்பு ஸ்டாண்டுல நின்னு டீ குடிச்சுக்கிட்டு இருந்திருக்காக. கையில இருந்த கிளாஸு நழுவுச்சாம். குனிஞ்சு எடுக்கப் போனவுக அப்படியே சாஞ்சுட்டாக. ஆஸ்பத்திரியில உசுர மீட்டுக் குடுத்துட்டாக, சோத்தாங்கை, சோத்தாங்காலு, பேச்சு மூணும் வரல. வாயத் தொறப்பாக, காத்துத்தான் வரும். தொறந்த வாயோட என்னையப் பாப்பாக. அந்தப் பார்வை இருக்கே மதினி, வேணாம், அத உனக்குச் சொல்லி என்னாகப் போகுது. டாக்டரு சொன்னாரு, பேச்சு இருக்கற எடத்துல அடிபட்டிருக்கு, ரொம்பப் பழகிப்போன வார்த்தை ரெண்டொண்ணு தானா வந்தாலும் வரும்னு. நான் எம்பேரு வரும்னு பாத்தேன். எம்பேர இவுக எப்பச் சொல்லியிருக்காக, இப்ப வர்றதுக்கு? வாழ்நாள் பூராம் 'இந்தா'தான். அந்த இந்தாகூட வரல.

மொத வார்த்தை வந்தது கஞ்சி குடுக்கறப்ப. எனக்கு அடுப்புல சோலி, வெரசா வெரசா ஊட்டிக்கிட்டு இருந்தேன். "பிரேக்கு"ன்னாக. என்னாங்கன்னேன். "பிரேக்கு." நிறுத்துங்கறாக! போதும், அவசரப்படாத, மெதுவா குடுங்கறாக! எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒண்ணா வந்து, கரண்டியப் போட்டுட்டு ஓடி, டப்பாவுல இருந்த கல்கண்ட அள்ளித் தெருவுக்கே குடுத்தேன். புள்ளை பேசுனதுக்கு யாரும் கல்கண்டு குடுப்பாக. நான் புருசன் பேசுனதுக்குக் குடுத்தேன்.

பெறகு ஒண்ணொண்ணா வந்துச்சு. எல்லாமே ஜீப்புப் பேச்சுத்தான். எத்தன வருசம் ஓட்டுனாக! இருட்டோட பொம்பளையள ஏத்திக்கிட்டு அடிவாரத்து முந்தலத் தாண்டி மலைமெட்டு ஏறி, அங்கிட்டு ஏலத்தோட்டத்துல எறக்கிவிட்டுட்டு, பொழுது சாய எல்லாரையும் அள்ளிக்கிட்டு எறங்கணும். நானும் அந்த ஜீப்புலதான் காயெடுக்கப் போனேன். டிரைவரு பொண்டாட்டிதானேன்னு ஒரு நாள் முன்னாடி ஏறி உக்காந்துட்டேன். "இந்தா, பின்னாடி போ, அது கங்காணி சீட்டு"ன்னாக, எல்லாரு முன்னாடியும். ஒரு வாரம் நான் சோறு மட்டும்தான் போட்டேன், பேச்சுப் போடல. அந்தக் கோவத்த எல்லாம் இப்ப நெனச்சா, எவ்வளவு பேச்ச வீணாக்கியிருக்கோம்னு இருக்கு.

'ஆரன்'னா என்னையக் கூப்புடறாக. வளைவுல அடிக்கற ஆரன்தான். எதுத்தாப்புல வர்ற ஆளு கண்ணுக்குத் தெரியாதுல்ல, இருக்கேன், வர்றேன்னு சொல்றதுக்கு அடிக்கறது. அடுப்படியில நான் இருக்கறது இவுகளுக்குத் தெரியாதே, அதான். உடனே போகணும்னு இல்ல, இந்தா வர்றேன்னு ஒரு கொரலு குடுத்தாப் போதும், அடங்கிருவாக. கொரலு குடுக்காம மட்டும் இருந்துராத.

'ஹீட்டு'ன்னா தண்ணி. மெட்டு ஏறுறப்ப எஞ்சினு சூடாகிப் பொகையும்ல, ஓடைகிட்ட நிறுத்தித் தண்ணி ஊத்துவாக. அதுதான் தாகம். தொண்டையில ஏறிக்காம டம்ளரக் கொஞ்சம் கொஞ்சமாச் சாய்ச்சுக் குடுக்கணும். 'லோடு'ன்னா ஒண்ணுக்கோ ரெண்டுக்கோ, எறக்கணும்னு அர்த்தம். கூச்சப்படாத. 'சைடு'ன்னா பெரட்டிப் போடச் சொல்றாக. ஏறுற வண்டிக்கு எறங்குற வண்டி ஒதுங்கி வழி விடணும், மலையில அதுதான் மொறை. வழி விடாதவன இவுக வைய்யற வசவு கேக்க முடியாது, அப்படி வஞ்ச வாயி. 'பஞ்சரு'ன்னா காலு குத்துது, தைலம் தேய்ச்சு விடணும். 'டாப்பு'ன்னா போர்வை. மழ வந்தா ஜீப்புக்கு மேல படுதா இழுத்துப் போடுவாகள்ல, அது. அப்புறம் 'மதி'ன்னு ஒண்ணு வரும். அது இங்கிலீசு இல்ல, மலையாளம், போதும்னு அர்த்தம். தோட்டத்துக்காரவுககிட்டப் பழகிப் பழகி ஒட்டுனது. அத ஏன் விட்டுவைக்கணும்னு அதையும் சேத்துக்கிட்டேன்.

எங்க, நீ சொல்லு பாப்பம். ஹீட்டுன்னா? ஆங். லோடுன்னா? ஏன் வாயப் பொத்துற, ஒண்ணுக்கு ரெண்டுக்கு வைக்கற சட்டின்னு சொல்லு. டாப்புன்னா? பரவாயில்லயே, நீ என் மகனவிட வெரசாப் பிடிக்கிற.

அவன் கதையக் கேளு. இந்த ரத்தம் படுதுன்னு மொதத் தடவ காமிக்கப் போனப்ப, அவன லீவு போட்டு வரச்சொல்லி உக்கார வச்சுட்டுப் போனேன். எல்லா அர்த்தமும் சொல்லிக்குடுத்தது பத்தாம வாசப்படியில நின்னு மறுபடியும் ஒருக்கா ஒப்பிக்கச் சொன்னேன். எல்லாத்தையும் கடகடன்னு ஒப்பிச்சான். படிச்ச புள்ளையில்ல. பொழுது சாய நான் வந்து பாத்தா, வாசல்லயே நிக்கிறான். "அம்மா, அப்பாவுக்குச் சூடு ரொம்ப ஏறிப்போச்சும்மா, ஹீட்டு ஹீட்டுன்னே கத்துறாரு, டாக்டரக் கூப்புடவா"ங்கறான். உள்ள போறேன். இவுக சட்டையக் கழட்டிப் போட்டிருக்கான், ஃபேன் சுத்துற சுத்துல செவுத்துல இருந்த காலண்டரு பறக்குது. நனைச்ச துண்ட நெஞ்சுல போட்டிருக்கான். இவுக ஒதடு வெடிச்சு, நாக்கு தோலாட்டம் ஒட்டிப்போயி, வெடவெடன்னு நடுங்கிக்கிட்டுக் கெடக்காக. "அடேய் கூமுட்ட, தண்ணிடா தண்ணி!"ன்னு கத்துனேன். அவன் தலையில அடிச்சுக்கிட்டான். "நீ சொன்னம்மா, தெரியும்மா. ஆனா அந்த நேரத்துல ஹீட்டுன்னா சூடுன்னுதானம்மா ஓடுது"ன்னான். அவன் மேலயும் தப்பில்ல. நமக்கும் அப்படித்தானே ஓடும்? பதறுற நேரத்துல புதுசாப் படிச்சது எங்க ஞாபகம் வருது? அப்பன் காலப் பிடிச்சுக்கிட்டு அன்னைக்கு அழுதான் பாரு, மீசை வச்ச ஆம்பள. நான் யாருக்குத் தண்ணி குடுக்கறதுன்னு தெரியாம நின்னேன்.

அதுக்குத்தான் உன்னைய முன்னாடியே உக்கார வச்சுச் சொல்றேன். ஆனா இதுல ஒண்ணு இருக்கு மதினி. மொச்சயக் கீழ வை, இதக் கேளு. இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் போன மாசத்து அர்த்தம்.

முழிக்காத. அமாவாசை கழிஞ்ச மூணாம் நாளு உனக்குப் பால் வாங்கியாந்தேன்ல, அன்னைக்குக் காலையில. "ஹீட்டு"ன்னாக. தண்ணி குடுத்தேன். துப்பிட்டாக. மறுபடியும் ஹீட்டு. மறுபடியும் தண்ணி குடுத்தேன். டம்ளரத் தட்டிவிட்டாக. என்னா, கோவமான்னு கேக்கறேன், ஹீட்டு ஹீட்டுங்கறாக. கடைசியில பாத்தா அந்தக் கால்ல கட்டெறும்பு கடிச்சு வீங்கிக் கெடக்கு. சரி, எறும்பும் சூடுதானேன்னு மனசத் தேத்திக்கிட்டேன். மறுநாளு தண்ணிக்குச் "சைடு"ன்னாக. பெரட்டிப் போட்டேன், சைடு. திருப்பிப் போட்டேன், சைடு. தோசையாட்டம் இவுகளப் பெரட்டுறேன், தண்ணிக்கு நாக்க நீட்டுறாக. அப்பவும் எனக்குப் புத்தி வரல. சரி, வார்த்தை ஒண்ணுக்கொண்ணு எடம் மாறியிருக்கு, புதுசாப் படிச்சுக்குவோம்னு நெனச்சேன். சைடுன்னா தண்ணின்னு நாளெல்லாம் சொல்லிச் சொல்லி மனசுல ஏத்தி வச்சேன். அதுக்கு அடுத்த நாளு தண்ணிக்கு ஆரனுன்னாக.

இதுல கொடுமை என்னான்னா, இவுகளுக்குத் தெரியுது. தப்பா வருதுன்னு காதுல விழுது இவுகளுக்கு. முந்தாநேத்து பஞ்சருன்னாக. சொன்ன வேகத்துல அப்படியே நின்னுட்டாக. கண்ண மூடி, ஒதட்ட இறுக்கி, உள்ளுக்குள்ள எதையோ பிடிச்சு இழுக்கற மாதிரி இழுத்து, இந்தத் தடவ வந்துரும் வந்துரும்னு நான் பக்கத்துல குனிஞ்சு நிக்கறேன். வந்துச்சு. "பஞ்சரு." பீச்சாங்கையால வாய்லயே அடிச்சுக்கிட்டாக மதினி. நான் கையப் பிடிச்சேன். பிடிச்ச கைய ஒதறிட்டு மறுபடியும் அடிச்சுக்கிட்டாக. ஒதட்டுல ரத்தம். நான் வெளிய வந்து, இந்தா இங்கனதான் உக்காந்து, முந்தானைய வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டேன், அவுகளுக்குக் கேட்ரக் கூடாதுன்னு.

டாக்டரு வீட்டுக்கு வந்து பாத்துட்டுச் சொன்னாரு, சின்னதா இன்னொரு அடைப்பு வந்திருக்கும், இனி கொறஞ்சுகிட்டேதான் வரும்னு. அப்ப என்னா கேக்கறாகன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறதுங்கன்னு கேட்டேன். அந்த மனுசனும் பாவம், செருப்ப மாட்டிக்கிட்டே நின்னாரு. "மொகத்தப் பாத்து நீங்களே கண்டுபிடிச்சுக்க வேண்டியதுதாம்மா"ன்னாரு. மொகத்தப் பாக்கறேன். பாதி மொகம் செத்துல்ல கெடக்கு. மிச்சப் பாதியில எத்தனயப் படிக்கறது? எனக்கு எழுத்தே தெரியாது.

பின்ன எதுக்கடி இவ்வளவு நேரமும் சொல்லிக்குடுத்தன்னு நீ கேக்கலாம். வேற என்னத்தச் சொல்லிக்குடுக்கறது மதினி? எங்கிட்ட இருக்கறது அதுதான். இப்ப நான் என்னா செய்யறேன்னா, வார்த்தையக் காதுல வாங்கறதே இல்ல. என்னா சொன்னாலும் மொதல்ல தண்ணி. இல்லையா, சட்டி. இல்லையா, பெரட்டு. இல்லையா, காலு, போர்வை, முதுகு சொறியறது. இவுக அந்தப் பெருமூச்சு விடுற வரைக்கும் ஒண்ணு மாத்தி ஒண்ணு. கூடவே வாயில பேச்சுக் குடுத்துக்கிட்டே இருக்கேன், ஓகோ ஹீட்டா, அப்படியா, சரி சரி, எனக்குப் புரியுதுன்னு. புரியுதுன்னு சொல்றது பொய்யி. இவுகளுக்கும் அது தெரியும்னு நெனக்கறேன். ஆனாலும் சொன்னா அடிச்சுக்க மாட்டாக.

நேத்துச் சோறூட்டிட்டுச் சொன்னேன். நான் தேனிக்குப் போறேன், வயித்துல சின்னதா ஒரு வைத்தியம், பக்கத்து வீட்டு மதினி பாத்துக்கும், வெரசா வந்துர்றேன், சரியாங்கன்னேன். "ரைட்டு"ன்னாக. இந்த வார்த்தை இதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. சரின்னு சொன்னாகளா, போகாதன்னு சொன்னாகளா, தண்ணி கேட்டாகளா? தண்ணி குடுத்தேன். குடிச்சாக. அம்புட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சது.

இரு... கேட்டியா? டாப்புங்கறாக. கேக்குதா? மறுபடியும் பாரு, டாப்பு. இல்லல்ல, நான் வரல, நீ போ. நீயே போயிப் பாரு, நாளைக்கு நீ ஒத்தையிலதான போகணும். நான் இங்கன உக்காந்து கேக்கறேன். போ, பயப்படாத, கடிக்க மாட்டாக.

என்னா, போத்திவிட்டியா? தள்ளிவிட்டுட்டாகளா? சரி, கோவப்படாத, தண்ணி குடு. செம்பு சன்னல்கிட்ட இருக்கு. குடிக்கலையா? வாயத் தொறக்கலையா? காலுக்குத் தலகாணி வச்சுப் பாரு. மதினி, பேசிக்கிட்டே செய்யி, சும்மா நிக்காத, எதையாச்சும் சொல்லிக்கிட்டே செய்யி. இப்ப என்னா சொல்றாக? டாப்புத்தானா? பெரட்டிப் போடு. இடுப்புக்குக் கீழ கையக் குடுத்துத் தூக்கு. என்னா ஆச்சு? ஏன் சத்தத்தக் காணோம்?

மதினி. ஏன் ரெண்டு பேரு சத்தமும் காணோம்?

இந்தா வந்துட்டேன். தள்ளு. தள்ளு நீ. செவுத்தப் பாத்துத் திரும்பிட்டாகளா? எப்பத் திரும்புனாக? அய்யோ சாமி. கத்துனா எனக்குப் பயமில்ல மதினி, கத்தாமச் செவுத்தப் பாத்துட்டாகன்னாத்தான் பயம். அன்னைக்கு மகன்கிட்ட விட்டுட்டுப் போயி வந்தேன்ல, அதுக்கப்புறம் இப்படித்தான் செவுத்தப் பாத்துத் திரும்புனாக. சோத்துக்கு வாயத் தொறக்கல. தண்ணிய ஊத்துனா ஓரமா வழிஞ்சு போகுது. என்னையக்கூட ஏறிட்டுப் பாக்கல. திரும்பி என்னையப் பாக்க வைக்கறதுக்குள்ள எம்பாடு பெரும்பாடாப் போச்சு. அது நான் சாயங்காலமே வந்து சேந்துட்டனால. பத்து நாளு நான் அங்கன படுத்துக் கெடந்தா?

நீ என்னாத்துக்கு அழுற? நீ ஒண்ணும் தப்புச் செய்யல. இங்க வா, கையக் குடு, இந்த விரிப்பத் தொட்டுப் பாரு. தொப்பலா நனைஞ்சு கெடக்கு. அதுக்குத்தான் கத்தியிருக்காக, அது மேலதான் நீ போத்திவிட்ட. நாந்தான் வெளிய உக்காந்துக்கிட்டு, தண்ணி குடு, தலகாணி வையின்னு உனக்கு ஆர்டரு போட்டேன். எனக்கும்தான் தெரியல. வாத்தியாரும் பெயிலு, படிக்க வந்த புள்ளையும் பெயிலு.

வேணாம், ஒண்ணும் சொல்லாத. டாக்டரம்மா சொன்னது எல்லாமே எனக்கு ஞாபகம் இருக்கு. உசுரு மேல ஆசை இல்லாம இல்ல. இருக்கு. பேத்தி காது குத்தணும், மகன் வீடு கட்டணும்னு என்னென்னமோ ஆசை கெடக்கு. இந்த நிமிசம் வரைக்கும் போயிரலாம்னுதான் இருந்தேன், சேலைகூட மடிச்சு வச்சுட்டேன். நீ படிச்சுட்டா இவுக தப்பிச்சுக்குவாகன்னு நெனச்சேன். படிக்கறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல மதினி. இருந்ததெல்லாம் போயிக்கிட்டு இருக்கு. பக்கத்துல ஒரு ஆளு இருக்கணும், அதுவும் இந்த மூஞ்சியா இருக்கணும், அம்புட்டுத்தான் இனி. நான் அங்கிட்டு அறுத்துக்கிட்டுப் பொழச்சு வர, இவுக இங்கிட்டுச் செவுத்தப் பாத்துக்கிட்டே போயிச் சேந்துட்டா, அந்தப் பொழப்ப வச்சுக்கிட்டு நான் என்னா செய்யறது?

எங்க அண்ணன் வந்ததும் ஆட்டோக்காரருக்கு ஒரு போனு போடச் சொல்லு, நாளைக்கு வர வேணாம்னு. மகனுக்கும் சொல்லச் சொல்லு. அவன் கத்துவான், கத்தட்டும். அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிரு. அப்புறம்னா எப்பன்னு அவனும் கேப்பான், நீயும் கேக்காத.

ஏங்க. இந்தா, நான்தான். எங்கிட்டும் போகல. இந்தப் பக்கம் திரும்புங்க. என்னா? ம்? சரி, ஒண்ணும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கறேன்.

நீ அங்கனயே நிக்காத மதினி. அந்தக் கொடியில காயுற பழைய சேலைய இங்கிட்டு எறி. அடுப்புல வெந்நி இருக்கு, வாளியில கொஞ்சம் வெளாவிக் கொண்டா. வெரசாக் கொண்டா, முதுகெல்லாம் நனைஞ்சு கெடக்கு, குளிருது இவுகளுக்கு.